ஆடு மேய்ஞ்சா நிலம் பாழாகுமா? காய்ந்த மேய்ச்சல் காடுகளைப் பற்றி நாம் நம்பும் 7 விஷயங்களும் உண்மை நிலவரமும்

சங்கரன்கோவிலில் இருந்து ராஜபாளையம் போகும் ரோட்டில், பால்வண்ணநாதர் கோயிலால் பேர் பெற்ற ஊர் கரிவலம்வந்தநல்லூர். சித்திரை, வைகாசி மாதத்தில் இந்த வழியாக பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியே தெரிவது வெடித்துக் கிடக்கும் கரிசல், காய்ந்த மக்காச்சோளத் தட்டை, அங்கங்கே சீமைக்கருவேலம், நடுவில் ஒரு செம்மறிக் கூட்டம். பார்ப்பவர்கள் மனதில் ஓடும் டயலாக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: "எல்லாம் பொட்டக் காடா போச்சு. மிச்சத்தையும் ஆடு மேய்ஞ்சு தீர்த்துருச்சு."

இது ஏதோ பஸ் பயணிகள் மட்டும் சொல்வது கிடையாது. அரசாங்கத் திட்டங்கள், கோர்ட் வழக்குகள், பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் என எல்லா இடத்திலும் இதே கருத்துதான் உலாவுகிறது. ஆனால் வறண்ட மேய்ச்சல் நிலங்களைப் பற்றி கடந்த 40 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் இந்தக் கருத்தின் பல பகுதிகளைக் கேள்விக்குள்ளாக்கி இருக்கின்றன. 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்கள் மற்றும் மேய்ப்பர்களுக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்திருப்பதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

இதெல்லாம் தெரிஞ்சு நமக்கென்ன ஆகப் போகுதுன்னு கேட்கலாம். ஒரு நிலம் 'கெட்டுப்போச்சு' என்று முத்திரை விழுந்துவிட்டால், அடுத்து அங்கே என்ன வரும், யார் வெளியேற வேண்டும் என்பதை அந்த முத்திரைதான் முடிவு செய்கிறது. அதனால் ஒவ்வொரு நம்பிக்கையாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: காய்ந்து கிடந்தால் அது செத்த நிலம்

கரிசல் மண் வெயிலில் பாளம் பாளமாக வெடிப்பது அதன் இயல்பு. வெடிப்புக்குள் மேல்மண்ணும் சருகும் விழும். மழை பெய்ததும் மண் ஊதி வெடிப்பு மூடிக்கொள்ளும். அதாவது உழவு இல்லாமலே மண் தன்னைத்தானே கொஞ்சம் புரட்டிக்கொள்கிறது. வெடிப்பைப் பார்த்து 'மண் செத்துருச்சு' என்று முடிவு கட்டினால் கரிசலைப் பற்றித் தெரியவில்லை என்று அர்த்தம்.

புல்லும் அப்படித்தான். கொழுக்கட்டைப் புல் மாதிரி பல ஆண்டு வாழும் புற்கள் கோடையில் மேலே கருகிவிடும். தூரும் வேரும் உயிரோடு இருக்கும். ஓராண்டுப் புற்கள் விதையாக மண்ணில் காத்திருக்கும். ஐப்பசி மழை ரெண்டு இறங்கினால் போதும், பதினைந்து இருபது நாளில் அதே நிலம் பச்சைக் கம்பளம்.

அடுத்த விஷயம், மழை. தென் மாவட்டங்களின் பெரும்பகுதி நம்பி இருப்பது வடகிழக்குப் பருவமழையை. அது எப்படி ஆட்டம் காட்டும் என்பதற்கு உதாரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். 2015-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பை விட 53 சதவீதம் அதிகம். அடுத்த வருஷமே, 2016-ல், இயல்பை விட 62 சதவீதம் குறைவு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது.

இப்போது ஒருவர் 2015 இறுதியில் ஒரு போட்டோவும் 2016 இறுதியில் ஒரு போட்டோவும் எடுத்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன தோன்றும்? 'ஒரே வருஷத்தில் நிலம் பாழ்' என்றுதான். ஆனால் மாறியது மழை. நிலம் உண்மையிலேயே கெட்டதா என்று சொல்ல, நல்ல மழை வந்த பிறகும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லையா என்று பல ஆண்டுகள் பார்க்க வேண்டும்.

தமிழில் இந்தப் புரிதல் புதிதும் கிடையாது. பாலை என்பது தனியாக இருக்கும் ஒரு நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தன் இயல்பு மாறி நிற்கும் நிலைதான் பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அந்த முல்லைதான் ஆயர்களின் திணை, அதாவது மேய்ச்சல் நிலம்.

நம்பிக்கை 2: தரிசு என்றால் யாருக்கும் பயன்படாத இடம்

'தரிசு', 'புறம்போக்கு' இரண்டுமே வருவாய்த்துறை கணக்கில் இருந்து நம் பேச்சுக்கு வந்த வார்த்தைகள். கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் 'அ' பதிவேட்டைப் பார்த்தால் 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இருக்கும். தீர்வை என்றால் நிலவரி. ஆங்கிலேயர் காலத்து நிர்வாகத்துக்கு முக்கியமான கேள்வி, இந்த நிலத்தில் இருந்து வரி வருமா வராதா என்பதுதான். அங்கே ஆடு மேய்கிறதா, விறகு பொறுக்குகிறார்களா, மூலிகை பறிக்கிறார்களா என்பது கணக்கில் வராது. வரி வராத நிலம் தரிசு. கணக்குக்கு வெளியே போன நிலம் புறம்போக்கு. பிறகு அந்த வார்த்தையே தெருவில் திட்டும் சொல்லாக மாறியது. எண்ணூர் கழிமுகத்தைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா பாடி 2017-ல் வெளியான 'சென்னை புறம்போக்கு பாடல்' இந்த வார்த்தையைத்தான் கையில் எடுத்தது.

அந்தக் கண்ணோட்டம் இன்றும் தொடர்கிறது. மத்திய அரசின் நில வளத்துறை, ஐதராபாத்தில் உள்ள தேசிய தொலையுணர்வு மையத்துடன் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்பின்படி, 2015-16-ல் நாட்டின் 5.57 கோடி ஹெக்டேர், அதாவது சுமார் 17 சதவீதம், தரிசு. இந்தப் பட்டியலில் புதர்க்காடும் உண்டு, மேய்ச்சல் நிலமும் உண்டு, மணற்பரப்பும் உண்டு.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. சூழலியல் ஆய்வாளர்கள் எம்.டி.மதுசூதன், அபி வனக் இருவரும் செயற்கைக்கோள் படங்களை வைத்து, இந்தியாவில் இயற்கையாகவே மரம் அடர்த்தியாக இல்லாத திறந்தவெளி நிலங்களை வரைபடமாக்கினார்கள். நாட்டின் பரப்பில் சுமார் 10 சதவீதம் அப்படிப்பட்ட நிலம். புல்வெளி, முட்புதர், பாறைக்காடு எல்லாம் சேர்த்து. வெளிமான், நரி, கானமயில், குளிர்காலத்தில் வலசை வரும் பூனைப்பருந்து எல்லாவற்றுக்கும் இதுதான் வீடு. நம்ம பக்கத்தில் தூத்துக்குடி மாவட்டத்தின் வல்லநாடு சரணாலயம் வெளிமானுக்காகவே உருவானது. இதெல்லாம் 'காடாக இருந்து அழிந்துபோன' இடம் கிடையாது. ஆதியில் இருந்தே இப்படித்தான்.

தரிசு என்று பேர் விழுந்தால் என்ன ஆகும்? திட்டம் தேடுபவர்களின் கண் முதலில் அங்கேதான் விழும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சோலார் மின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் இருக்கிறது. சோலார் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 'சும்மா கிடக்கிற இடம்தானே' என்ற வாதம் வரும்போது, அங்கே வருஷத்தில் சில மாதம் மேய்ந்த ஆட்டின் கணக்கு யார் நோட்டிலும் இருக்காது. காற்றாலைக்குக் கீழே ஆடு மேயலாம். சுற்றிலும் வேலி போட்ட சோலார் பூங்காவுக்குள் பெரும்பாலும் முடியாது.

நம்பிக்கை 3: எத்தனை சதவீதம் கெட்டதுன்னு துல்லியமா தெரியும்

இதோ மூன்று அதிகாரப்பூர்வ எண்கள்.

* தரிசு நில வரைபடம் (2019): 5.57 கோடி ஹெக்டேர்.
* இஸ்ரோவின் அகமதாபாத் மையம் 2021-ல் வெளியிட்ட பாலைவனமாதல் மற்றும் நிலச்சீரழிவு வரைபடம்: 9.78 கோடி ஹெக்டேர். நாட்டின் பரப்பில் 29.77 சதவீதம்.
* இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் தேசிய வேளாண் அறிவியல் அகாடமியும் 2010-ல் ஒருங்கிணைத்த கணக்கு: சுமார் 12 கோடி ஹெக்டேர்.

மூன்றுமே ஒரே நாட்டைப் பற்றியது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒவ்வொன்றும் அளப்பது வேறு வேறு. ஒன்று 'பயன்பாட்டில் இல்லாத' நிலத்தைத் தேடுகிறது. இன்னொன்று அரிப்பு, தாவரம் குறைதல், உப்புத்தன்மை போன்ற செயல்பாடுகளைத் தேடுகிறது. மூன்றாவது, அமில மண், உவர் மண் வரை சேர்த்துக்கொள்கிறது. எதுவும் பொய் இல்லை. ஆனால் 'இந்தியாவின் 30 சதவீத நிலம் பாலைவனம் ஆகிறது' என்று ஒரு வரியில் ஷேர் செய்யும்போது இந்த விவரமெல்லாம் காணாமல் போய்விடுகிறது. இஸ்ரோவின் கணக்கிலேயே முதல் காரணம் நீர் அரிப்பு. தாவரச் சீரழிவு இரண்டாவது.

உலக அளவிலும் இதே கதைதான். உலக மேய்ச்சல் நிலங்களில் கால்வாசி கெட்டிருக்கிறது என்று நீண்டகாலம் சொல்லி வந்தார்கள். 2024-ல் ஐ.நா.வின் பாலைவனமாதல் தடுப்பு உடன்படிக்கை அமைப்பு வெளியிட்ட அறிக்கை, பாதி வரை இருக்கலாம் என்றது. கால்வாசிக்கும் பாதிக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியே இந்தக் கணக்கு எவ்வளவு கஷ்டம் என்பதைக் காட்டுகிறது.

பழைய உதாரணம் ஒன்று இன்னும் சுவாரஸ்யம். 1975-ல் சூடானில் ஆய்வு செய்த ஹியூ லாம்ப்ரே, சஹாரா பாலைவனம் வருஷத்துக்குச் சுமார் 5.5 கிலோமீட்டர் வேகத்தில் தெற்கே நகர்கிறது என்றார். 1958-ல் வரைந்த தாவர வரைபடத்தையும், 1975-ல் தான் பார்த்ததையும் ஒப்பிட்டுச் சொன்ன முடிவு அது. அந்த எண் உலகம் முழுக்கப் பரவியது. பிறகு ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உல்ஃப் ஹெல்டன் குழு 1980-களில் அதே பகுதியைச் செயற்கைக்கோள் படங்களோடும் களத்திலும் சோதித்தது. பாலைவனம் சீராக முன்னேறி வருகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வறட்சியில் பசுமை எல்லை பின்வாங்கும், மழை வந்தால் முன்னேறும் என்பதே தெரிந்தது. லாம்ப்ரே பார்த்தது, சாஹேல் பகுதி கொடிய பஞ்சத்தில் இருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்த நேரம். அதன் பிறகு சாஹேலின் பல பகுதிகளில் பசுமை கூடியிருப்பதை செயற்கைக்கோள்கள் பதிவு செய்திருக்கின்றன.

நம்பிக்கை 4: ஆடுதான் காரணம், எண்ணிக்கையைக் குறைத்தால் சரியாகிடும்

இதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். ஒரு ஏக்கருக்கு இத்தனை ஆடுதான் தாங்கும், அதற்கு மேல் போனால் நிலம் கெடும் என்ற 'தாங்குதிறன்' கணக்கு. மழை ஓரளவு சீராகப் பெய்யும் இடத்தில் இந்தக் கணக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒரு வருஷம் கொட்டி, மறு வருஷம் ஏமாற்றும் பூமியில் எந்த வருஷத்துப் புல்லை வைத்துக் கணக்குப் போடுவது?

1988-ல் ஜிம் எல்லிஸ், டேவிட் ஸ்விஃப்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கென்யாவின் துர்கானா பகுதி மேய்ப்பர்களைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பெரிய திருப்பம். அவர்கள் சொன்னது இதுதான்: அங்கே புல்லின் அளவைத் தீர்மானிப்பது மழை. கால்நடைகள் நிலத்தைக் கெடுக்கும் அளவுக்குப் பெருகுவதற்குள் ஒரு வறட்சி வந்து எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. மழை திரும்பியதும் புல் முதலில் மீள்கிறது, மந்தை மெதுவாக மீள்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் மேய்ப்பர் பிழைப்பது ஒரே உத்தியில்: மழை பெய்த பக்கம் நகர்ந்து போவது.

இதை அப்படியே சங்கரன்கோவிலுக்கு காப்பி அடிக்க முடியுமா? முடியாது. இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. வறட்சி வந்தாலும் போர்வெல் தண்ணீரும், கடையில் வாங்கும் தவிடும், மக்காச்சோளமும் மந்தையைக் காப்பாற்றிவிடும். எனவே புல் இல்லாத காலத்திலும் ஆடுகள் அதே இடத்தில் நிற்கும். அப்போது நிலத்துக்கு அடி விழ வாய்ப்பு உண்டு. ஆகவே 'எத்தனை ஆடு' என்பதோடு, 'எந்த மாதம், எத்தனை நாள், ஒரே இடத்திலா' என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சரி, ஆடு எண்ணிக்கை உண்மையிலேயே ஏறிக்கொண்டே போகிறதா? கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் செம்மறி ஆடுகள் 2012-ல் சுமார் 47.9 லட்சம், 2019-ல் சுமார் 45 லட்சம். குறைந்திருக்கிறது. வெள்ளாடுகள் 81.4 லட்சத்தில் இருந்து 98.9 லட்சமாகக் கூடியிருக்கின்றன. பெரிய மந்தையாகக் காட்டில் திரிவது அதிகமும் செம்மறி. வெள்ளாடோ வீட்டுக்கு நாலைந்து என்று வளர்க்கப்படுவது. கரிசலுக்கே உரிய கன்னி ஆட்டின் சொந்த பூமிகளில் சங்கரன்கோவில் வட்டாரமும் ஒன்று. 'ஆடு' என்று மொத்தமாகப் பேசும்போது இந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது: கிடை. அறுவடை முடிந்த காட்டில் பகலில் செம்மறி மேயும், ராத்திரி அதே ஊரில் ஒருவர் வயலில் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணுக்கு உரம். கிடை போட விவசாயிகள் கீதாரிக்குப் பணமோ தானியமோ கொடுப்பதும் வழக்கம். நிலத்தைக் கெடுக்கிற விஷயத்துக்கு விவசாயி ஏன் காசு கொடுக்கப் போகிறார்? கோவில்பட்டி பக்கம் இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் 'கிடை' என்ற பெயரில் ஒரு குறுநாவலே எழுதியிருக்கிறார். இந்த மண்ணின் விவசாயமும் மேய்ச்சலும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தவை.

நம்பிக்கை 5: பொது நிலம் என்றால் ஆளாளுக்கு சுரண்டிருவாங்க

இந்த வாதத்துக்கு ஒரு தந்தை உண்டு. அமெரிக்கர் காரெட் ஹார்டின். 1968-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். எல்லோருக்கும் பொதுவான ஒரு மேய்ச்சல் நிலம். ஒவ்வொருவரும் 'நான் இன்னொரு மாடு விட்டால் லாபம் எனக்கு, நஷ்டம் எல்லோருக்கும்' என்று யோசித்து மாடுகளைப் பெருக்குவார்கள், கடைசியில் நிலமே அழியும் என்றார். கவனிக்க வேண்டியது, அவர் எந்த ஊர் மேய்ச்சல் நிலத்தையும் போய் ஆய்வு செய்து இதை எழுதவில்லை. அது ஒரு கற்பனை உதாரணம்.

எலினோர் ஆஸ்ட்ரம் நிஜ ஊர்களைப் பார்த்தார். சுவிட்சர்லாந்து மலை மேய்ச்சல் நிலம், ஜப்பான் கிராமப் பொதுக்காடு, ஸ்பெயின் பாசனக் கால்வாய் எனப் பல இடங்களில் மக்கள் தாங்களே விதி வகுத்து, மீறுபவருக்கு அபராதம் போட்டு, நூற்றாண்டுகளாகப் பொதுச் சொத்தைக் காப்பாற்றியிருப்பதை 1990-ல் வெளியான புத்தகத்தில் காட்டினார். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது, அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். ஹார்டினும் பிற்காலத்தில், தான் சொன்னது நிர்வாகம் இல்லாத பொது நிலத்துக்குத்தான் பொருந்தும் என்று திருத்திக்கொண்டார்.

நம் ஊர்களிலும் மந்தைவெளிக்கு, குளத்து உள்வாய்க்கு, கோயில் காட்டுக்கு எழுதாத விதிகள் இருந்தன. விதைப்பு முடிந்தால் அந்தப் பக்கம் ஆடு போகக்கூடாது, அறுவடை முடிந்தால் திறந்துவிடலாம் என்பது மாதிரி. அந்த விதிகள் உடைந்த இடத்தில் பிரச்சினை வந்திருக்கிறது, உண்மை. ஆனால் உடைத்தது பெரும்பாலும் வெளியில் இருந்து வந்த மாற்றங்கள்: ஆக்கிரமிப்பு, பிளாட், கட்டடம். கிராமப் பொது நிலங்களை வளைத்துப்போடும் போக்கைக் கண்டித்து, ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 'நிரந்தர மேய்ச்சல் நிலம்' என்று கணக்கில் மிச்சமிருப்பது சுமார் 1.1 லட்சம் ஹெக்டேர். மாநிலப் பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை.

நம்பிக்கை 6: மரம் நட்டால் எல்லாம் சரியாகிடும்

இந்த நம்பிக்கைக்கு நாம் கொடுத்த விலைதான் சீமைக்கருவேலம். தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கத்து மரம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்தது. வறண்ட நிலத்தைப் பசுமையாக்கும், விறகுக்கு ஆகும் என்று சொல்லிப் பரப்பினார்கள். விறகுக்கு ஆனது உண்மை. இன்றும் ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. ஆனால் புல் வளர்ந்த இடத்தையும், குளத்தையும், ஓடையையும் அது பிடித்துக்கொண்டது.

இதில் ஆடு மாட்டுக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதன் இனிப்பான நெற்றைத் தின்று, செரிக்காத விதையைச் சாணத்தோடு சேர்த்து ஊர் ஊராகக் கொண்டு போனவை அவைதான். தென் மாவட்டங்களில் இந்த மரத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் உத்தரவிட்டதும், அது தொடர்ந்து சட்டப் போராட்டமானதும் பலருக்கு நினைவிருக்கும். 2022-ல் அந்நிய ஊடுருவல் தாவரங்களை அகற்ற மாநில அரசு தனிக் கொள்கையே வகுத்தது.

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் உள்ள பன்னி புல்வெளி இதைவிடப் பெரிய பாடம். சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். மால்தாரி மேய்ப்பர்களின் பூமி, பன்னி எருமைக்குப் பேர் போன இடம். கட்ச் ரண் பகுதியின் உப்பு உள்ளே வராமல் தடுக்க 1961-ல் வனத்துறை 31,000 ஹெக்டேருக்கு மேல் சீமைக்கருவேலம் விதைத்தது. அதன்பின் அது தானாகவே பரவிப் புல்வெளியின் பெரும் பரப்பை மூடிவிட்டது. அங்கே மரத்தை வேரோடு எடுத்த இடங்களில் புல் திரும்ப வந்திருக்கிறது. அதாவது, 'கெட்ட நிலத்தைச் சரிசெய்கிறோம்' என்று செய்த வேலையே நிலத்தைக் கெடுத்தது.

இங்கே ஒரு ட்விஸ்ட். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் 10 சதவீதத்துக்கு மேல் மர நிழலும் இருந்தால் அது 'வனப்பரப்பு'. என்ன மரம் என்பது கேள்வி இல்லை. எனவே மேலே இருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு, சீமைக்கருவேலம் மூடிய மேய்ச்சல் நிலம் 'முன்னேறிய' நிலம். புல் மட்டும் உள்ள நிலம், கோடையில் எடுத்த படத்தில் 'சீரழிந்த' நிலம்.

தமிழ்நாட்டின் காடு மற்றும் மரப்பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் இலக்கோடு பசுமை தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. வெப்பம் கூடும் காலத்தில் மரம் வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. சாலையோரம், பள்ளி வளாகம், அழிந்த காடு என இடங்கள் நிறைய இருக்கின்றன. புல்வெளியைத் தோண்டி மரம் நடுவதற்கு முன் மட்டும், இது முன்பு காடாக இருந்த இடமா என்று ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

நம்பிக்கை 7: நிறைய மாடு விட்டால் பாலைவனமே பசுமையாகும்

இது எதிர்ப்பக்கத்து நம்பிக்கை. ஜிம்பாப்வேயைச் சேர்ந்த ஆலன் சேவரி 2013-ல் 'டெட்' மேடையில் பேசிய வீடியோ உலகம் முழுக்க வைரல். யானைகள்தான் நிலத்தைக் கெடுக்கின்றன என்று தாங்கள் நம்பியதால் சுமார் 40,000 யானைகள் கொல்லப்பட்டதையும், அதன் பிறகும் நிலம் தேறவில்லை, இன்னும் மோசமானது என்பதையும் அவரே அங்கே ஒப்புக்கொண்டார். அது வரைக்கும் சரி.

ஆனால் அங்கிருந்து அவர் எடுத்த முடிவு, கால்நடைகளை நெருக்கமாக, திட்டமிட்டு நகர்த்தி மேய்த்தால் பாலைவனத்தையும் பருவநிலை மாற்றத்தையும் திருப்பிவிடலாம் என்பது. மேய்ச்சல் நில ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை. டேவிட் பிரிஸ்கே தலைமையிலான குழு 2008-ல் பல பத்தாண்டுகளின் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சுழற்சி முறை மேய்ச்சல் எப்போதும் சிறந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே 'மேய்ச்சல் எல்லாமே நல்லது' என்ற வாட்ஸ்அப் ஃபார்வேர்டையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

அப்போ நிலம் கெடவே இல்லையா?

கெடுகிறது. ஆனால் எங்கே, எதனால் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

சரிவான செம்மண்ணில் புல் போர்வை போய்விட்டால், ஒரே ஒரு பேய் மழை மேல்மண்ணை அடித்துக்கொண்டு போய்விடும். அந்த மண் திரும்ப உருவாக நம் ஆயுள் போதாது. கரிசல் வெடிப்பு போல இது தானாக மூடிக்கொள்ளும் காயம் கிடையாது.

தண்ணீர்த் தொட்டி, குளக்கரை போன்ற இடங்களைச் சுற்றி எல்லா மந்தையும் தினமும் கூடும்போது அங்கே மண் இறுகி, புல் முளைக்காத வளையம் உருவாகும். மலையடிவாரக் காட்டில், மரக்கன்று தலையெடுக்கும் நேரத்தில் தொடர்ந்து மேய்ந்தால் காடு மீளாது. வீட்டுக் கால்நடைகளிடம் இருந்து காட்டு விலங்குகளுக்குக் கோமாரி மாதிரி நோய் பரவும் ஆபத்தும் உண்மையானது.

இவற்றில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு பொதுவான காரணம் இருக்கிறது: மந்தை நகர முடியாமல் ஒரே இடத்தில் அடைபடுவது. போகும் வழியில் நாலு வழிச்சாலை. அறுவடைக்குப் பின் காலியாகக் கிடந்த காடு இப்போது போர்வெல் பாசனத்தில் வருஷம் முழுக்க வெள்ளாமை. மந்தைவெளியில் கட்டடம். கம்பி வேலி. மிச்சம் இருக்கும் துண்டு நிலத்தில் எல்லா ஆடும் மேய்ந்தால் அது கெடத்தான் செய்யும். அதைப் பார்த்து 'பாத்தீங்களா, ஆடுதான் காரணம்' என்போம்.

காட்டுக்குள் மேய்க்கத் தடை: இப்போ நிலைமை என்ன?

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், மேகமலை தொடர்பான வழக்கில் தமிழ்நாட்டின் எல்லா வனப்பகுதிகளிலும் மாடு மேய்க்கத் தடை விதித்தது. பிறகு அந்த உத்தரவு திருத்தப்பட்டு, தேசியப் பூங்கா, வனவிலங்கு சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. தேனி மலைமாடு வளர்ப்பவர்களின் போராட்டம் 2025-ல் அரசியல் மேடை வரை வந்தது.

கரிவலம்வந்தநல்லூர் வட்டாரத்துக்கும் இது தூரத்து விஷயம் கிடையாது. மேற்கே சிவகிரி, புளியங்குடி மலைப்பகுதி நெல்லை வனவிலங்கு சரணாலயம். வடக்கே 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். கீழே காட்டில் வெள்ளாமை நிற்கும் மாதங்களில் மந்தையை எங்கே கொண்டு போவது என்ற கேள்விக்கு முன்பு இருந்த பதில்களில் ஒன்று அடிவாரம்.

இங்கே இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. புலி வாழும் காட்டில் கட்டுப்பாடு தேவை என்பது வனத்துறையின் வாதம். மறுபக்கம், 2006 வன உரிமைச் சட்டம் மேய்ப்பர்களின் மரபான பருவகால மேய்ச்சல் உரிமையை அங்கீகரிக்கிறது. ஆனால் பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் அந்தக் காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். ஊர் ஊராக நகர்ந்தே வாழ்ந்தவர்களிடம் அப்படி ஒரு பேப்பர் இருப்பது அபூர்வம். மேலே காடு மூடியது, கீழே மேய்ச்சல் புறம்போக்கும் போனது என்றால், மந்தையை விற்பதைத் தவிர வேறு வழி இல்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

* உங்க ஊரில் மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளி எவ்வளவு இருக்கிறது என்று 'அ' பதிவேட்டில் பாருங்கள். தமிழ்நாடு அரசின் இணையவழி நிலப்பதிவு சேவையில் புல எண்ணைக் கொடுத்தும் பார்க்கலாம்.
* அந்த நிலத்தில் கட்டடம், மரம் நடுதல், சோலார் என எந்தத் திட்டம் வந்தாலும் கிராம சபையில் விவாதிக்கச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை உண்டு. அங்கே ஆடு மேய்க்கிறவர் வந்து பேச வாய்ப்புக் கொடுப்பது முக்கியம். பகலெல்லாம் காட்டில் இருப்பவர் கூட்டத்துக்கு வருவது குறைவு.
* நிலம் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மாதம் பார்த்தீர்கள்? நல்ல மழைக்குப் பிறகு பார்த்தீர்களா? பத்து வருஷத்துக்கு முன் அங்கே என்ன இருந்தது?

மூன்றாவது கேள்விக்கு செயற்கைக்கோள் படத்தை விட நல்ல பதில் வைத்திருப்பவர் அந்த மந்தைக்குப் பின்னால் நடந்து போகிறவர்தான். எந்த ஓடையில் எப்போது புல் வரும், எந்தப் புல் இப்போது வருவதில்லை, எந்தப் பாதை எந்த வருஷம் அடைபட்டது என்று அவருக்குத் தெரியும். இதுவரை எடுத்த பெரும்பாலான கணக்குகளில் அவரிடம் யாரும் கேட்டதில்லை.